வேரில் கட்டிய டானிக் எங்கே போகிறது?

"வேர்ல டானிக் கட்டியும் கேரளா வாடல் போகலைங்களே, மருந்து மரத்துக்குள்ள ஏறுதா இல்லையா?" தென்னையைத் தாக்கும் வாடல் நோய் பற்றி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புக்காரர் ஒருவரின் கேள்வி இது.

ஏறத்தான் செய்கிறது. பென்சில் தடிமனில் இளவேராகப் பார்த்து, சாய்வாகச் சீவி, 200 மில்லி கரைசல் உள்ள பையில் விட்டுக் கட்டினால் போதும், மரம் உறிஞ்சிக்கொள்ளும். முற்றிப் பழுத்த வேரில் கட்டினால்தான் கரைசல் ஏறாமல் பையிலேயே நிற்கும். ஆனால் டானிக் சத்துதானே ஒழிய நோய்க்கு மருந்தல்ல. அது ஏறும் பாதையும் நீர் ஏறும் சைலம். வாடல் நோய்க் கிருமியான பைட்டோபிளாஸ்மா குடியிருப்பதோ, இலையில் செய்த சர்க்கரை ஓடும் புளோயத்தில்.

அந்தப் புளோயத்தோடு ஆயுளைக் கழித்த தாவரவியலாளர் கேத்தரின் ஈசாவ். 1898இல் இன்றைய உக்ரைனில் பிறந்தார். புரட்சிக் கலவரத்தில் குடும்பம் ஜெர்மனிக்குத் தப்பி, 1922இல் கலிபோர்னியா சேர்ந்தது. சர்க்கரை ஆலை ஒன்றில் வேலை: இலைச்சுருட்டை வைரஸைத் தாங்கும் சர்க்கரை பீட்ரூட் ரகம் தேடுவது. பிறகு அதே மாநிலத்தின் டேவிஸ் பல்கலைக்கழக வளாகத்துக்குப் படிக்கப் போனார். அங்கே நோய் பரப்பும் தத்துப்பூச்சியை வயலில் விட்டால் அக்கம்பக்கத்து பீட்ரூட்டும் கெடும். எனவே ரகத் தேடலை விட்டுவிட்டு, நோய்ப்பட்ட செடியை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தார்.

அவர் கண்டதுதான் அழகு. வளரும் நுனியில் முதல் சல்லடைக் குழாய் (புளோயத்தில் சர்க்கரை ஓடும் குழாய்) முதிர்ந்து திறக்கும்வரை செல்கள் ஒழுங்காகவே இருக்கின்றன. குழாய் திறந்ததும், அதை ஒட்டிய செல்கள்தான் முதலில் தாறுமாறாகப் பெருகிச் சிதைகின்றன. அதாவது, வைரஸ் சர்க்கரையோடு சவாரி செய்து வருகிறது. அறுபதைத் தாண்டிய பிறகும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இதே குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 1989இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார், 1997இல் மறைந்தார். "இதனால் மகசூல் எவ்வளவு கூடும்?" என்று முதல் வருடமே கேட்கும் நிதிக்குழுவிடம் இந்த ஆராய்ச்சி தேறியிருக்காது.

தென்னைக்கு வருவோம். சல்லடைக் குழாய்ச் செல் உயிருள்ளது, ஆனால் உட்கரு இல்லாதது. பக்கத்துத் துணைச்செல்தான் அதைப் பராமரிக்கிறது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே துளையிட்ட தட்டு. பைட்டோபிளாஸ்மாவுக்குச் செல் சுவரே கிடையாது. அந்தத் துளையில் நெளிந்து போய்விடும். சுவரைத் தாக்கும் பென்சிலினும் அதனால்தான் பலிக்காது. வேம்பு, புளி மாதிரி வருடந்தோறும் புதுப் புளோயம் போடும் வசதியும் தென்னைக்கு இல்லை. அடித்தண்டின் பழைய குழாயே பல பத்தாண்டு உழைக்கிறது.

டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் அறிகுறியை அடக்கும், நிறுத்தினால் திரும்பும்; தோப்புக்குக் கட்டுப்படியாகாது. தோப்பு முகப்பில் திருஷ்டிப் பூசணி கட்டுவதைச் சிரிக்கிறோம். "வாடலைக் குணமாக்கும்" என்று விற்கும் பாட்டிலும் அந்த ரகம்தான்.

செய்ய முடிந்தது பூச்சியை மறிப்பது. கிருமியைச் சுமப்பவை கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும். வேப்பம்புண்ணாக்குத் தூளைச் சம அளவு மணலோடு கலந்து குருத்தை ஒட்டிய மட்டைக் கக்கங்களில் இடலாம். கீற்றுகள் விலா எலும்பு போல் உள்நோக்கி வளைகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். அதுதான் முதல் அடையாளம். வருடத்துக்கு 10 காய்கூடத் தராத நோய் மரத்தை வெட்டி எடுத்துவிடுங்கள்.