வாளிக் கக்கூஸை மாற்றினால் பாதிச் செலவு கவுன்சிலுடையது: இங்கிலாந்தின் 1936 சட்டம், 47-ஆம் பிரிவு

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில், வட இங்கிலாந்தின் மில் ஊர்களில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் ஒரு சந்து ஓடும். கொல்லைச் சுவரின் அடியில் சின்ன மரக்கதவு. அதைத் திறந்தால் இருக்கைப் பலகைக்குக் கீழே ஒரு வாளி. குறித்த நாளில், பெரும்பாலும் இரவில், ஆள் வந்து வாளியை இழுத்து வண்டியில் கொட்டிக்கொண்டு போவார். நம் ஊரில் எடுப்புக் கக்கூஸ் என்றார்களே, அதே வகைதான். இதை எடுத்துவிட்டுத் தண்ணீர்க் கக்கூஸ் வை என்று வீட்டுக்காரருக்கு உத்தரவு போட உள்ளூர் கவுன்சிலுக்கு அதிகாரம் தந்தது 1936-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். கூடவே செலவில் பாதியைக் கவுன்சிலே ஏற்க வேண்டும் என்றும் சொன்னது. 47-ஆம் பிரிவின் சாரம் இவ்வளவே.

சட்டம் 1936 ஜூலை 31 அன்று ஒப்புதல் பெற்று, 1937 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் பெரிய நகரம், சிறு நகரம், கிராமப்புறம் என எல்லா மாவட்டக் கவுன்சில்களுக்கும் இந்த அதிகாரம் இருந்தது. லண்டனுக்கு மட்டும் தனிச் சட்டம். கீழே வருவதெல்லாம் அந்தக் காலத்து விதிகள், இன்றைய நிலை அல்ல.

முதலில் தெளிவாக வேண்டியது, எந்தப் பிரிவில் நோட்டீஸ் வந்திருக்கிறது என்பது. பணம் யார் கையிலிருந்து போகும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். வீட்டுக்குப் போதுமான கக்கூஸ் இல்லை, அல்லது இருப்பது இடித்துக் கட்டினால் ஒழியத் தேறாது என்றால் 44-ஆம் பிரிவு. பழுது பார்த்தாலோ கழுவிச் சுத்தம் செய்தாலோ சரியாகிவிடும் என்றால் 45-ஆம் பிரிவு. இந்த இரண்டிலும் கவுன்சில் பாதி தர வேண்டிய கடமை இல்லை. 47-ஆம் பிரிவு மூன்றாவது வகைக்கு: கக்கூஸ் எண்ணிக்கையில் குறைவில்லை, உடைந்தும் கிடக்கவில்லை, நாற்றமும் இல்லை, ஆனால் அது தண்ணீர்க் கக்கூஸ் அல்ல. அந்த ஒரு காரணமே போதும். சுகாதாரக் கேடு என்று கவுன்சில் நிரூபிக்கத் தேவையில்லை. நல்ல நிலையில் இருப்பதை மாற்றச் சொல்வதால்தான் செலவைப் பங்கிட்டுக்கொள்வது நியாயமாகிறது. ஆகவே நல்ல நிலையில் இருந்த வாளிக் கக்கூஸுக்கு 44-இல் நோட்டீஸ் வாங்கிய வீட்டுக்காரர் மேல்முறையீடு செய்யாமல் விட்டால், பாதிப் பணத்தை இழந்தார் என்றே பொருள்.

நன்றாக இருப்பதை ஏன் மாற்ற வேண்டும்? நாட்டிங்ஹாம் நகரில் 1887 முதல் 1896 வரை பத்தாண்டு டைபாய்டு கணக்கு இருக்கிறது. குழிக் கக்கூஸ் வீடுகளில் 37 வீட்டுக்கு ஒரு நோயாளி, வாளிக் கக்கூஸ் வீடுகளில் 120-க்கு ஒருவர், தண்ணீர்க் கக்கூஸ் வீடுகளில் 558-க்கு ஒருவர். ஒழுங்காக அள்ளப்பட்ட வாளியும் ஈக்கு அடைக்கலம்தான். அதோடு, மனிதக் கழிவை இன்னொரு மனிதர் தூக்கிச் சுமக்கும் வேலையை ஒழிக்க வேறு வழியே கிடையாது.

எது தண்ணீர்க் கக்கூஸ் என்பதையும் சட்டம் கறாராகச் சொல்கிறது. வடிகாலோடு இணைந்த, நகர்த்த முடியாத தனிக் கலம் வேண்டும். அதைக் கழுவத் தனி ஏற்பாடு வேண்டும். அதில் வருவது சுத்தமான தண்ணீராக இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் வட இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிக்காரர்கள் மாட்டினார்கள். அங்கே பல தெருக்களில் 'டிப்ளர்' என்ற வகை இருந்தது. அப்பகுதியின் பர்ன்லி ஊரிலிருந்த டக்கெட் கம்பெனி அதைச் செய்து விற்றது. சமையலறைத் தொட்டியில் கழுவிய தண்ணீர் தரைக்கடியில் ஒரு மண்பாண்டத் தட்டில் சேரும். தட்டு நிறைந்ததும் கனம் தாங்காமல் தானே கவிழ்ந்து, ஆழத்தில் கிடக்கும் கழிவை அடித்துக்கொண்டு போகும். யாரும் சங்கிலி இழுக்க வேண்டாம், குழாய்த் தண்ணீரும் செலவில்லை. ஆனால் துணி துவைக்காத நாளில், ஆள் குறைந்த வீட்டில், தட்டு நிறையாது. கழிவு அப்படியே கிடக்கும். உட்காரும் இடத்துக்குக் கீழே நீண்ட குழாய், அதன் உட்சுவர் கழுவப்படுவதே இல்லை. குழந்தை உட்கார்ந்திருக்கும்போது கீழே திடீரென்று தட்டு கவிழ்ந்தால் அலறிக்கொண்டு எழும். பாதாளச் சாக்கடையோடு சேர்ந்திருந்தாலும், கழுவுவது அழுக்குத் தண்ணீர் என்பதால் சட்டத்தின் கண்ணில் இது தண்ணீர்க் கக்கூஸ் இல்லை. மாற்ற நோட்டீஸ் தரலாம், பாதிச் செலவும் கிடைக்கும்.

நோட்டீஸ் தர இரண்டு நிபந்தனைகள்: சாக்கடையும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தூரம் 100 அடி. அதற்குள் சாக்கடை இருந்தால் மட்டும் போதாது. வடிகால் இறங்கிப் போய்ச் சேரக்கூடிய மட்டத்தில் இருக்க வேண்டும், இடையிலுள்ள நிலத்தில் குழாய் போட வீட்டுக்காரருக்கு உரிமையும் வேண்டும். 4 அங்குலக் குழாய்க்கு வழக்கமான வாட்டம் 40-க்கு 1. அதாவது 100 அடி ஓட்டத்துக்கு இரண்டரை அடி இறக்கம். வடிகால் நியாயமாக இறங்கிச் சேர முடியாத உயரத்தில் சாக்கடை ஓடினால் 47-ஆம் பிரிவு அங்கே செல்லாது. 100 அடிக்கு மேல் தூரம் இருந்தாலோ, கூடுதல் தூரத்தால் வரும் செலவைக் கவுன்சிலே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் வழி திறக்கும்.

நோட்டீஸ் இரண்டு விதமாக வரும். 'நீயே மாற்று' என்று வரலாம். 'நாங்கள் மாற்றுகிறோம், இடம் கொடு' என்றும் வரலாம். எப்படியானாலும் செலவு பாதிக்குப் பாதி. முதல் வகைக்கு 21 நாளுக்குள் நீதிபதிகள் முன் மேல்முறையீடு செய்யலாம்: கொடுத்த காலக்கெடு போதாது, கேட்கும் வேலை அளவுக்கு மீறியது, நோட்டீஸில் பிழை இருக்கிறது என்றெல்லாம் வாதாடலாம். 'இந்த வேலையே தேவையில்லை' என்ற வாதத்துக்கு மட்டும் 47-இல் இடமில்லை. நோட்டீஸை மதிக்காமல் விட்டால் கவுன்சில் தானே செய்துவிட்டு வீட்டுக்காரரின் பாதியை வசூலிக்கும். அந்தக் கடன் வீட்டின் மேலேயே ஏறும். அதிகபட்சம் 30 ஆண்டுத் தவணையில் கட்ட அனுமதிக்கவும் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. நோட்டீஸுக்குக் காத்திராமல் தானாகவே மாற்ற முன்வரும் வீட்டுக்காரருக்கும் கவுன்சில் விரும்பினால் பாதி வரை தரலாம். இது சலுகை, உரிமை அல்ல. அதனால் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்குவது அவசியம்.

குடித்தனக்காரருக்கு என்ன செலவு? நேரடியாக ஒன்றுமில்லை. ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டில் இருந்த வீடுகளில், 1920 சட்டப்படி, மேம்பாட்டுக்குச் செலவழித்த தொகையில் ஆண்டுக்கு 8 சதவீதம் வரை வாடகையை உயர்த்தலாம். கணக்குக்காக மொத்தச் செலவு 20 பவுன் என்று வைப்போம் (அந்நாள் இங்கிலாந்துப் பணத்தில் ஒரு பவுன் 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்னி). கவுன்சில் 10, வீட்டுக்காரர் 10. மேம்பாடு என்று ஏற்கப்பட்டால், 10 பவுனுக்கு 8 சதவீதம் ஆண்டுக்கு 16 ஷில்லிங். வாரத்துக்கு நாலு பென்னிக்கும் கொஞ்சம் குறைவு. 20 பவுனுக்கும் சேர்த்து வாடகை கேட்டால் கொடுக்கக் கூடாது. வீட்டுக்காரர் போட்ட பணம் பத்துதான்.

வேலை கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் தரைக்கு அடியில். பழைய கக்கூஸின் குழியை முழுக்கத் தோண்டி எடுக்காமல் மேலே மண்ணைத் தள்ளி மூடி, அதன் மேலேயே குழாய் போட்டால், அந்த மண் சில மாதங்களில் அமுங்கும். குழாய் நடுவில் தொய்யும், வாட்டம் திரும்பும், கழிவு அங்கேயே தங்கும். இரண்டாவது, இணைப்பு. குழாய் வாயில் முதலில் தார் தோய்த்த சணலைச் சுற்றித் திணித்து, பிறகே சிமெண்ட் பூச வேண்டும். சணல் இல்லாவிட்டால் சிமெண்ட் உள்ளே பிதுங்கி முள்போல் நிற்கும், காகிதம் முதலில் சிக்குவது அதில்தான். ஃப்ளஷ் தொட்டியில் வருவது 2 காலன், ஏறக்குறைய 9 லிட்டர். சரியான வாட்டத்துக்கு அது போதும். தொய்ந்த குழாய்க்குப் போதாது. வடிகாலில் கோளாறு என்று சந்தேகித்தால் கவுன்சில் சோதிக்கலாம், ஆனால் தண்ணீரை அழுத்தி நிரப்பும் சோதனைக்கு 48-ஆம் பிரிவு தடை போடுகிறது, ஏனென்றால் நல்ல பழைய இணைப்பும் அதில் பிளந்துவிடும். பெரும்பாலும் புகை விட்டுப் பார்ப்பார்கள். எங்கே புகை கசிகிறதோ அங்கே ஓட்டை.

மாற்றிய பிறகு பொறுப்பு குடியிருப்பவருக்கு வருகிறது. ஃப்ளஷ் தொட்டியில் தண்ணீர் இருக்கும்படியும், பனியில் உறையாமலும் பார்த்துக்கொள்வது 51-ஆம் பிரிவின்படி அவர் கடமை. கக்கூஸ் கொல்லையில்தான் இருக்கும். ஈயக்குழாய் உறைந்தால் வெடிக்கும். குழாயைச் சாக்குத் துணியால் சுற்றிக் கட்டி, கடுங்குளிர் இரவுகளில் தொட்டிக்குக் கீழே ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைப்பார்கள். வாளிக் காலத்துப் பழக்கத்தில் அடுப்புச் சாம்பலைப் பீங்கானில் கொட்டுவதை உடனே நிறுத்த வேண்டும். சாம்பல் குழாயின் வளைவில் படிந்து இறுகிவிடும்.

47-ஆம் பிரிவைப் பயன்படுத்து என்று கவுன்சிலைக் குடித்தனக்காரர் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் இருக்கும் கக்கூஸ் உண்மையிலேயே உடல்நலத்துக்குக் கேடாக இருந்தால், 99-ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் எவரும் கவுன்சிலை எதிர்பார்க்காமல் தானே நீதிபதியிடம் புகார் தர முடிந்தது. அதிகம் பேர் அறியாத வழி அது. பாதிக்குப் பாதி என்ற விதியோ 1984 கட்டடச் சட்டத்தின் 66-ஆம் பிரிவாக மறுபடி எழுதப்பட்டது.