‘வில்லி’ என்று யாரைச் சொல்கிறோம்?

காரைக்குடியில் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு இரவுச் சீரியல் முடிந்த பிறகுதான் உற்சாகமே வரும். அன்றைக்குப் பார்த்த கதையை அவரும், அவர் கொழுந்தன் மனைவியும், எதிர்வீட்டிலிருந்து வருகிற இரண்டு பேரும் பட்டாசாலையில் (வீட்டுக் கூடத்தில்) உட்கார்ந்து அலசுவார்கள். மூத்த மருமகள் ஏன் பத்திரத்தை ஒளித்து வைத்தாள்? மாமனாருக்கு அது தெரியுமா? தெரிந்தும் ஏன் வாய் திறக்கவில்லை? போன விடுமுறைக்கு வந்திருந்த ஆச்சியின் மகள்வயிற்றுப் பேத்தி, இந்தப் பேச்சுக்கு நடுவே ஒன்று கேட்டாள்: “ஆயா, வில்லின்னா வில்லு வச்சிருக்கணும்ல? இவ கையில எங்க இருக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டதில் தவறே இல்லை. தமிழ்ச் சொல்லாகப் பார்த்தால் அவள் சொன்னதுதான் பொருள்.

வில்லை உடையவர் வில்லி. ஆணுக்கும் அதே சொல்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தல வரலாற்றில் வில்லி, கண்டன் என்று இரண்டு வேடர் சகோதரர்கள் வருகிறார்கள். காட்டைத் திருத்தி ஊராக்கிய வில்லியின் பெயரே ஊருக்கு நின்றது என்பார்கள். பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூராரையும் சுருக்கமாக வில்லி என்றே சொல்வது வழக்கம். அவர் நூல் வில்லிபாரதம். விற்கொடி பிடித்த சேரனுக்கு வில்லவன் என்று பெயர். ஆக, தமிழில் வீரத்தோடு சேர்ந்து வாழ்ந்த சொல் இது. சீரியல் வில்லிக்கும் இதற்கும் பிறப்பால் எந்தத் தொடர்பும் கிடையாது.

சீரியல் வில்லியின் பூர்வீகம் இலத்தீன். அந்த மொழியில் ‘வில்லா’ என்றால் நாட்டுப்புறத்தில் நிலபுலத்தோடு இருக்கும் பெரிய வீடு. அந்தப் பண்ணையைச் சேர்ந்து பாடுபடும் ஆள் ‘வில்லானுஸ்’. பழைய பிரெஞ்சில் இது ‘விலேன்’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. இடைக்காலத்தில் நிலத்தோடு கட்டப்பட்டுக் கிடந்த குடியானவருக்கு அது பெயர். மேல்தட்டு மக்கள் அவர்களைப் பார்த்த பார்வை சொல்லிலும் ஏறியது. முதலில் நாகரிகம் தெரியாதவன் என்றானது, பிறகு இழிந்தவன், பிறகு அயோக்கியன். 19ஆம் நூற்றாண்டுக்கு வரும்போது நாடகத்திலும் நாவலிலும் கேடு செய்கிற பாத்திரத்துக்கு அதுவே பெயராகிவிட்டது. வில்லேஜ் என்கிற சொல்லும் அதே வேரில் வந்ததுதான். வெயிலில் உழைத்தவனின் பெயர் வசைச்சொல்லான கதை இது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது.

தமிழுக்கு அது ‘வில்லன்’ என்று வந்தது. இங்கேதான் நம் மொழி ஒரு அருமையான வேலை செய்தது. ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து தற்செயலாக நம் ஆண்பால் விகுதி போல ஒலித்தது. தோழன் என்றால் தோழி, கள்ளன் என்றால் கள்ளி, அப்படியானால் வில்லன் என்றால் வில்லி. எந்த அறிஞரும் உட்கார்ந்து உருவாக்கவில்லை. சினிமா பார்த்த சனங்களின் வாயில் தானாக விளைந்தது. எம்.என். நம்பியார் வில்லன், சி.கே. சரஸ்வதி வில்லி என்று பேசிப் பழகிய பிறகு, கள்ளத்தனம் போல வில்லத்தனமும் வந்து சேர்ந்தது. (வில்லங்கம் வேறு. பத்திர அலுவலகத்தில் நாம் வாங்குகிற வில்லங்கச் சான்றிதழுக்கும் வில்லனுக்கும் ஒலி ஒப்புமை மட்டும்தான்.)

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இந்தச் சொல்லைப் பார்த்தால் இன்னொன்றும் தட்டுப்படும். படப்பிடிப்புக்காரர்கள் பெரிய குடும்பக் கதை எடுக்க எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளைத் தேடி வருகிறார்கள். முகப்பு, பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. கானாடுகாத்தான் வீதியில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பட்டுச்சேலையும் அட்டிகையுமாக அந்த மாடிப்படியில் இறங்கி வருகிறவள்தான் கதையின் வில்லி. பெரிய வீட்டுக்கு உழைத்தவனின் பெயர், பல நூற்றாண்டு சுற்றி, பெரிய வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியவளுக்கு வந்துவிட்டது.

சரி, இதற்குத் தமிழ் என்ன? அகராதி வழியில் போனால் எதிர்நாயகன், எதிர்நாயகி கிடைக்கும். எனக்கு இதில் நிறைவில்லை. நாயகன் வடசொல் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். குறையுள்ள ஒருவனே கதையின் தலைவனாக வரும்போது அவனையும் எதிர்நாயகன் என்று எழுதுகிறார்கள். ஒரே சொல்லை இரண்டு இடத்தில் போட்டால் குழப்பம்தான். அதோடு, எதிரே நிற்கிறவள் எல்லாம் கெட்டவளும் ஆகமாட்டாள்.

இதை நான் பட்டாசாலையில்தான் படித்தேன். ஒரு சீரியலில் இளைய மருமகள் தனி அடுப்பு கேட்டாள். பின்னணி இசையே அவளை வில்லி என்று முழங்கியது. ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “கல்யாணம் ஆனா வேறு வைக்கிறதுதானே நம்ம முறை? இதுக்கு எதுக்கு இம்புட்டுச் சத்தம்?” என்றார். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் மகனுக்கு மணமானபின் அதே வீட்டுக்குள் தனிச் சமையலாகக் குடித்தனம் வைத்துக் கொடுப்பதை வேறு வைத்தல் என்பார்கள். சண்டை போட்டுப் பிரிகிற சங்கதியே கிடையாது. கதை எழுதியவருக்கு வில்லியாகத் தெரிந்தவள் ஆச்சிக்கு முறை தெரிந்த பெண்ணாகத் தெரிந்தாள்.

பத்திரத்தை ஒளித்த மூத்தவள் விஷயத்திலும் அப்படித்தான். சொத்தாசை என்று மற்றவர்கள் சொன்னபோது ஆச்சி மறுத்தார். “அவளுக்குப் பிள்ளை இல்ல. இவளைக் கேக்காமலே பிள்ளை கூட்டிருவாகளோன்னு பயம்.” பிள்ளை கூட்டுதல் என்றால் ஆண் வாரிசு இல்லாத வீட்டில் பங்காளி வீட்டுப் பையன் ஒருவனை முறைப்படி மகனாக ஏற்பது. எதிர்வீட்டு ஆச்சி விடவில்லை. “பயமா இருந்தா வாய்விட்டுக் கேக்கட்டும். ஒளிப்பானேன்?” அன்றைக்குப் பேச்சு முடியப் பத்தரை ஆனது. என்னைக் கேட்டால், அந்தக் கதையை எழுதியவரே இவ்வளவு தூரம் யோசித்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

இந்த ஊருக்கு இது புதுப்பழக்கமும் இல்லை. சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் காரைக்குடி. கம்பரின் சமாதி இருக்கிற நாட்டரசன்கோட்டையும் இதே வட்டாரம். கதைமாந்தரை நிறுத்திவைத்து, ‘நீ ஏன் இதைச் செய்தாய்’ என்று பட்டிமண்டபத்தில் வழக்காடுவதைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கம்பரே கேட்டிருக்கிறார் என்பதுதான் எனக்கு வியப்பு. கைகேயியின் அரண்மனைக்கு ஆத்திரத்தோடு ஏறுகிற மந்தரையைக் காட்டும்போது சொல்கிறார்: “பண்டை நாள் இராகவன் பாணி வில் உமிழ் உண்டை உண்டதனைத் தன் உள்ளத்து உள்ளுவாள்.” சின்ன வயதில் இராமன் கையிலிருந்த வில்லால் மண்ணுருண்டை எறிந்து அடித்ததை அவள் மறக்கவே இல்லை. திருமழிசை ஆழ்வாரும் அந்த உண்டையைப் பாடியிருக்கிறார். ஒரு பேரரசே குலைந்ததற்குப் பின்னால், ஒரு பணிப்பெண்ணின் முதுகில் பட்ட அடி.

மந்தரையை நாம் கூனி என்கிறோம். ‘கூனி வேலை பார்க்காதே’ என்று ஊரில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். நல்லதங்காள் கதையில் பசியோடு வந்த நாத்தனாரையும் ஏழு பிள்ளைகளையும் வதைத்தவளுக்கு மூளி அலங்காரி என்று பெயர். (நல்லதங்காள் வாழ்க்கைப்பட்டது எங்கள் மாவட்டத்து மானாமதுரையில் என்பது கதை.) கூனி, மூளி இரண்டும் உடம்பின் குறையைச் சொல்லி வைத்த பெயர்கள். பிரெஞ்சுக்காரர் ஏழ்மையை வசையாக்கினார்கள் என்றால், நாம் கூனை வசையாக்கினோம். ஆகவே வில்லிக்கு மாற்றாகக் கூனியைக் கொண்டுவர எனக்கு மனமில்லை.

நான் தேர்ந்தெடுப்பது சூழ்ச்சிக்காரி. ஆளின் பிறப்பையோ உடம்பையோ பேசாமல் செய்கிற காரியத்தை மட்டும் பேசுகிற சொல். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. “சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்” என்று குறள் சொல்லும்போது சூழ்ச்சி என்றால் ஆராய்ந்து எண்ணுதல். அமைச்சருக்கு இருக்க வேண்டிய குணம் அது. சதி என்ற பொருள் பின்னால் ஓங்கியது. அப்புறம் பாருங்கள், சூழ்ச்சிக்காரி என்றதும் ‘எதற்காகச் சூழ்ந்தாள்’ என்ற கேள்வி உடனே பின்னால் வருகிறது. வில்லி என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி எழுவதில்லை. ஆணுக்குச் சூழ்ச்சிக்காரன். திட்டம் எதுவும் இல்லாமல் அடி, உதை, கொலை என்று திரிகிறவனுக்கு இது பொருந்தாது, அவனைக் கொடியவன் என்றால் போதும். கதையில் எதிர்ப்பக்கம் நிற்கும் முதன்மைப் பாத்திரம் என்று பொதுவாகக் குறிக்க வேண்டிய இடத்தில் எதிர்த்தலைவி, எதிர்த்தலைவன் எழுதலாம். அவள் மனசுக்குள் இருக்கிற காரணத்துக்கு உள்நோக்கம் என்ற நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

பேச்சில் வில்லி இருந்துவிட்டுப் போகட்டும். நம் இலக்கணம் பெற்ற பிள்ளை அது. எழுதும்போது மட்டும் ஒரு நொடி யோசிக்கலாம் என்கிறேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், பேத்திக்கு மந்தரை கதையையும் உண்டைவில்லையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப வில்லு ராமர் கையிலதான இருந்துச்சு? அவருதான வில்லி?” என்றாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. “ஆமாடி ஆத்தா, அதுதான் சரி” என்றார் ஆச்சி.