ஹெட்போனை நம்பி எடுத்த டிராக்

கும்பகோணத்தில் கடை விளம்பரங்களுக்கும் குறும்படங்களுக்கும் ஒலி சேர்ப்பது என் வேலை. ஒரு பாத்திரக் கடைக்கு ஸ்டாக் எலக்ட்ரானிக் இசை, அதாவது முன்பே செய்து உரிமத்துக்கு விற்கிற டிராக், ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஹெட்போனில் கேட்டால் சின்த் (சிந்தசைசர் ஒலி) இரண்டு காதுக்கும் வெளியே விரிந்து நிற்கும், முதலாளிக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆடித் தள்ளுபடிக்கு அதையே ஆட்டோவில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் போட்டுத் தெருத்தெருவாக ஓட்டினார்கள். மகாமகக் குளத்தோரம் டீ குடித்துக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது வெறும் டிக் டிக். சின்த்தைக் காணோம்.

தப்பு என்னுடையதுதான். அகலமாகக் கேட்பதற்காக இடது, வலது ஒலியலைகளை ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்பி வைக்கிறார்கள், அந்தக் குழாய் மாதிரி மோனோவில், அதாவது இரண்டையும் ஒரே ஒலியாகச் சேர்த்தால், ஒன்றை ஒன்று தின்றுவிடும். பேஸ் எப்படியும் அந்தக் குழாயில் வராது, செல்போன் ஸ்பீக்கரிலும் பாதிதான். அதிலிருந்து எந்த டிராக்காக இருந்தாலும் முதலில் மோனோ, அப்புறம் போன், அதற்கடுத்து அறிவிப்புக் குரலை மேலே போட்டுத்தான் கேட்கிறேன். தனியாகக் கேட்க அசத்துகிற லீட் சின்த் (மெட்டை வாசிக்கிற சின்த்), குரலில் எழுத்துகள் தெளிவாகக் கேட்கிற அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு கடை பேரையே விழுங்கிவிடும்.

நீளத்தையும் பாருங்கள். விளம்பரம் 30 விநாடி என்று வையுங்கள். நாலு தட்டு ஒரு பார் என்ற கணக்கில், 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 தட்டு) என்றால் 16 பார் சரியாக 30 விநாடி; 120 என்றால் 15 பார்தான், நாலு நாலு பாராக நகர்கிற இசை லோகோ வரும்போது பாதியில் தொங்கும்.

ராயல்டி ஃப்ரீ என்றால் ஓசி இல்லை. காப்புரிமை இசையின் உரிமையாளர்களிடமே இருக்கிறது, ஒருமுறை கட்டணம் கட்டி அவர்கள் சொன்ன வரம்புக்குள் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். உங்கள் சொந்தச் சேனலுக்கு வாங்கிய உரிமம் வாடிக்கையாளர் விளம்பரத்துக்கோ தியேட்டருக்கோ செல்லுமா என்று படித்துப் பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்கிற பொது உரிமத்தில் என்சி (வணிகத்துக்கு அல்ல) என்று இருந்தால் விளம்பரத்துக்கு ஆகாது. எலக்ட்ரானிக் இசையில் இன்னொரு தலைவலி: ஒரே சாம்பிள் பேக் லூப்பை (தொகுப்பாக விற்கிற, திரும்பத் திரும்ப ஓடும் இசைத்துணுக்கை) பலர் போட்டிருப்பார்கள், யாரோ ஒருவர் தன் டிராக்கை யூடியூப் இசையை அடையாளம் காணும் கன்டென்ட் ஐடியில் பதிந்திருந்தால் யூடியூப் கிளெய்ம் உங்கள் வீடியோவுக்கு வரும். ரசீதையும் உரிமத்தையும் பத்திரமாக வையுங்கள்.

டிரம், பேஸ், சின்த் தனித்தனியாக ஸ்டெம் கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்தாவது வாங்குவேன். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் பற்றிய குறும்படம் ஒன்றில் வித்வான் ரெண்டரைக் கட்டைச் சுருதியில் வாசித்திருந்தார், டிராக்கோ ரெண்டு கட்டை. முழு டிராக்கையும் ஏற்றினால் டிரம் சொத்தையாகிறது என்பதால் சின்த் ஸ்டெமை மட்டும் அரைக் கட்டை ஏற்றினேன், அப்படியே பொருந்திக்கொண்டது. பெருமையாகப் போட்டுக் காட்டினேன். வித்வான் முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி, இதுக்குப் பேசாம சுருதிக்கு ஊதுற ஒத்தே ஊதியிருக்கலாமே" என்றார்.