பழைய ஒற்றை எஞ்சின் விமானம் வாங்குவது: பதிவு, வில்லங்கம், கடன் பற்றி அமெரிக்க விதிகள் சொல்வது

அமெரிக்காவில் விமானம் ஓட்டப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில், வாடகைக்கு எடுத்து ஓட்டியது போதும், சொந்தமாக ஒன்று வாங்கலாமே என்று தோன்றும். புதிய விமானத்தின் விலை பெரும்பாலோருக்கு எட்டாது. ஆனால் 1970களில் செய்த செஸ்னா 172, பைப்பர் செரோக்கி போன்றவை இன்றும் நன்றாகப் பறக்கின்றன. செஸ்னா நிறுவனம் 1986இல் பிஸ்டன் விமானங்கள் செய்வதை நிறுத்தி, பத்து வருடம் கழித்துத்தான் மறுபடி தொடங்கியது. அதனால் விற்பனைக்கு வருபவற்றில் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவை ஏராளம். அந்த வயதைப் பார்த்து மிரள வேண்டாம். முதலில் அதன் காகிதங்களைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

யார் பெயரில் பதிவு செய்யலாம்?

எஃப்.ஏ.ஏ. எனப்படும் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பதிவேட்டில் அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ தன் பெயரில் விமானத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவரால் நேரடியாக முடியாது. அறக்கட்டளை அமைத்து, தகுதியுள்ள அறங்காவலர் ஒருவர் பெயரில் பதிவு செய்யும் வழி இருக்கிறது. ஆனால் அறங்காவலரை ஆட்டுவிக்கும் அதிகாரத்தில் வெளிநாட்டவர் பங்கு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

நண்பர்கள் சேர்ந்து வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பங்குதாரர் நிறுவனமாகப் பதிவு செய்தால் எல்லாப் பங்குதாரரும் அமெரிக்கக் குடிமக்களாக இருக்க வேண்டும். ஒருவர் கிரீன் கார்டு என்றாலும் அந்த வழி அடைபடும். தனித்தனி ஆட்களாகக் கூட்டு உரிமையில் வாங்கினால் இந்தச் சிக்கல் வராது.

பதிவுச் சான்று உரிமைப் பத்திரம் ஆகாது

பலரும் தடுக்கி விழும் இடம் இது. விமானத்துக்குள் வைத்திருக்கும் பதிவுச் சான்றிதழில் விற்பவர் பெயர் இருக்கிறது, எனவே விமானம் அவருடையது என்று நம்பிவிடுகிறோம். உரிமை பற்றி வழக்கு வந்தால் அந்தச் சான்றிதழ் உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. கைமாறிய விற்பனைப் பத்திரங்கள், அடமானப் பத்திரங்கள், கடன் தீர்ந்த விடுவிப்புப் பத்திரங்கள் எல்லாம் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. பதிவகத்தில் கோர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்ப்பது போல, இங்கேயும் அந்தக் கோப்பை ஆரம்பத்திலிருந்து புரட்டிப் பார்க்க வேண்டும். இதற்கென்றே வில்லங்கம் தேடித் தரும் நிறுவனங்கள் அந்த ஊரில் இருக்கின்றன. அவர்களுக்குக் கொடுக்கும் கட்டணத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பதிவு செய்யாத பத்திரம் எவ்வளவு பலவீனமானது என்பதை 1983இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த பில்கோ ஏவியேஷன் வழக்கு காட்டுகிறது. ஒரு தம்பதி புதிய பைப்பர் விமானத்துக்கு முழுப் பணமும் கொடுத்து, விமானத்தையும் எடுத்துக்கொண்டார்கள். விற்றவர் அவர்களிடம் கொடுத்தது பத்திரத்தின் நகலை மட்டும். பிறகு அதே விமானத்தை அவர் பில்கோ நிறுவனத்துக்கும் விற்று, மூலப் பத்திரங்களை அந்த நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார். அந்த நிறுவனம் அதைப் பதிவும் செய்தது. பதிவாகாத கைமாற்றம், விஷயம் தெரியாமல் வாங்கிய மூன்றாம் நபரைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது. பணமும் கொடுத்து, விமானத்தையும் கையில் வைத்திருந்தவர்களுக்கே இந்த நிலை.

இன்னொரு வழக்கமான சிக்கல், எப்போதோ தீர்ந்துபோன கடன். முன்னாள் உரிமையாளர் இருபது வருடத்துக்கு முன்பே கடனைக் கட்டி முடித்திருப்பார், ஆனால் விடுவிப்புப் பத்திரத்தை யாரும் பதிவகத்துக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். அந்த வங்கி வேறொரு வங்கியோடு இணைந்துபோயிருக்கும். இதைச் சரி செய்வது விற்பவர் வேலை. பணம் கொடுப்பதற்கு முன்பே செய்யச் சொல்லுங்கள். மெக்கானிக்குக் கூலி பாக்கி இருந்தால், சில மாநிலங்களில் அவருக்கும் விமானத்தின் மேல் உரிமை உண்டு. அது எஃப்.ஏ.ஏ. கோப்பில் தெரியாமலும் போகலாம். எனவே பாக்கி எதுவும் இல்லை என்று விற்பவரிடம் எழுதி வாங்குவது நல்லது.

எல்லாம் சரி என்றால் விற்பனைப் பத்திரத்தையும் பதிவு விண்ணப்பத்தையும் உடனே அனுப்பிவிட வேண்டும். பதிவுக் கட்டணம் வெறும் 5 டாலர். விண்ணப்பத்தின் நகலை விமானத்தில் வைத்துக்கொண்டால், சான்றிதழ் வரும்வரை அமெரிக்காவுக்குள் பறக்கலாம். முன்பு பதிவு மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். 2023 ஜனவரியிலிருந்து ஏழு வருடம்.

கடன்

விமானக் கடன் தருபவர்கள் பொதுவாக 15 முதல் 20 சதவீதம் முன்பணம் கேட்பார்கள். தவணைக்காலம் 15, 20 வருடம் வரை போகும். உங்கள் வருமானத்தோடு விமானத்தின் ஜாதகத்தையும் பார்ப்பார்கள்: எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, விபத்தில் அடிபட்டதா, பராமரிப்பு வேலைகளைக் குறித்து வைக்கும் லாக் புத்தகங்கள் முழுதாக இருக்கின்றனவா. பழைய செஸ்னாக்களில் பரவலாக இருக்கும் லைகாமிங் ஓ-320 எஞ்சினை 2,000 மணி நேரத்தில் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்கிறது தயாரிப்பாளரின் பரிந்துரை. சொந்த உபயோகத்துக்குப் பறப்பவரை அந்தக் கணக்கு சட்டப்படி கட்டாயப்படுத்தாது. ஆனால் கடன் தருபவருக்கு அது முக்கியம். எஞ்சின் அந்த எல்லையை நெருங்கியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், புதுப்பிக்கும் செலவைத் தனியாக எடுத்தும் வையுங்கள்.

கடன் கொடுத்தவர் அடமானத்தை ஓக்லஹோமா சிட்டியில் பதிவு செய்வார். பெரிய விமானங்களுக்கு, கேப் டவுன் ஒப்பந்தம் என்ற சர்வதேச உடன்படிக்கையின்படி, இத்தகைய அடமானங்களைப் பதிய சர்வதேசப் பதிவேடு ஒன்றும் உண்டு. எட்டுப் பேரையாவது ஏற்றும் விமானங்களுக்கும் 550 குதிரைத்திறனுக்குக் குறையாத எஞ்சின்களுக்கும் உரியது அது. நான்கு இருக்கை, 160 குதிரைத்திறன் விமானத்துக்கு அந்த வேலை இல்லை.

காப்பீட்டைக் கூட்டாட்சிச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. கடன் இருந்தால் மட்டும் விமானத்தின் முழு மதிப்புக்கும் காப்பீடு கேட்பார்கள். அப்புறம் வரி. விற்பனை வரி இல்லாத மாநிலத்தில் வாங்கிவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். விமானத்தை நிறுத்தி வைக்கும் மாநிலம் பயன்பாட்டு வரி கேட்கலாம்.

வாங்கிய பிறகு

விமானம் பறக்கத் தகுதியாக இருக்கிறதா என்பதற்கு முதல் பொறுப்பு உரிமையாளருக்கும் இயக்குபவருக்கும்தான், மெக்கானிக்குக்கு அல்ல. பன்னிரண்டு காலண்டர் மாதத்துக்கு ஒருமுறை வருடாந்தரச் சோதனை நடக்க வேண்டும். மார்ச் 5இல் கையெழுத்தானால் அடுத்த மார்ச் முடியும்வரை செல்லும். ஆட்களைக் கட்டணத்துக்கு ஏற்றினாலோ, பயிற்சிப் பள்ளி தன் விமானத்தில் காசு வாங்கிக் கற்றுக்கொடுத்தாலோ, 100 மணி நேரச் சோதனையும் சேரும். உங்கள் விமானத்தில் நீங்களே ஒரு பயிற்றுநரைச் சம்பளத்துக்கு வைத்துக் கற்றுக்கொண்டால் அது தேவையில்லை. ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவிக்கு 24 மாதத்துக்கு ஒருமுறை தனிச் சோதனை உண்டு.

இவற்றுக்கு மேல், தகுதி உத்தரவுகள். ஒரு ரக விமானத்தில் ஆபத்தான குறை தெரிந்தால் எஃப்.ஏ.ஏ. வெளியிடும் கட்டாய உத்தரவுகள் இவை. 2018 ஏப்ரலில் டேடோனா பீச்சில் பயிற்சியில் இருந்த ஒரு பைப்பர் விமானத்தின் இறக்கை பிய்ந்து இருவர் இறந்தார்கள். உலோகச் சோர்வால் இறக்கையின் பிரதான உத்தரத்தில் விரிசல் விழுந்திருந்தது. அதன் பிறகு அந்தக் குடும்பத்து விமானங்கள் பலவற்றில், ஓடிய நேரத்தைக் கணக்கிட்டு, இறக்கை ஆணித் துளைகளை எட்டி கரன்ட் முறையில் (உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாக்கி விரிசலைக் கண்டுபிடிக்கும் முறை) சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வாங்கப்போகும் விமானத்துக்கு என்னென்ன உத்தரவுகள் பொருந்தும், ஒவ்வொன்றும் எப்போது நிறைவேற்றப்பட்டது என்று லாக் புத்தகத்தில் வரிவரியாகப் பாருங்கள். இந்தச் சோதனையை, அதுவரை அந்த விமானத்தைத் தொடாத மெக்கானிக் ஒருவரிடம் கொடுங்கள். போன மாதம்தான் வருடாந்தரச் சோதனை முடிந்தது என்று விற்பவர் சொன்னாலும் இதை விடாதீர்கள்.

விமானி உரிமம் உள்ள உரிமையாளர் சில சிறு வேலைகளைத் தானே செய்யலாம்: எண்ணெய் மாற்றுவது, டயர் மாற்றுவது, ஸ்பார்க் பிளக்கைச் சுத்தம் செய்வது. செய்ததை லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

வீடு மாறினால் 30 நாளுக்குள் புதிய முகவரியைப் பதிவகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கடன் கடைசித் தவணை கட்டிய வாரமே விடுவிப்புப் பத்திரம் வாங்கி, ஓக்லஹோமா சிட்டிக்கு அனுப்பி, அது கோப்பில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.