சவுண்ட் பாக்ஸுக்குப் புது ரப்பர்

பழைய கிராமபோன் கீச்சென்று கத்தினால் பலரும் இசைத்தட்டைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு, ஊசியின் அசைவை ஒலியாக்கும் தலைப்பகுதியான சவுண்ட் பாக்ஸுக்குள் இருக்கும் இரண்டு ரப்பர் வளையங்களில்தான்.

அமெரிக்காவின் விக்டர் கம்பெனி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த ‘எக்ஸிபிஷன்’ சவுண்ட் பாக்ஸையே எடுத்துக்கொள்வோம். இதில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. தட்டின் பள்ளம் ஊசியை இடமும் வலமுமாக ஆட்டுகிறது. ஊசி செருகிய கம்பி ஒரு நெம்புகோல். அதன் மேல்முனை மைக்கா (அபிரகம்) என்ற கனிமத்தின் மெல்லிய வட்டு ஒன்றின் நடுவில் திருகப்பட்டிருக்கிறது. அது வட்டைத் தள்ளி இழுக்க, காற்று அதிர்ந்து ஒலி குழல் வழியாக வெளியே வருகிறது. அன்று உலகம் வாங்கிய தகடு மைக்காவில் பெரும்பகுதி இந்தியச் சுரங்கங்களிலிருந்து போனது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வட்டின் விளிம்பு உலோகத்தைத் தொடக்கூடாது. முன்னும் பின்னும் வளையமாக வளைத்த மெல்லிய ரப்பர் குழாய் அதைத் தாங்குகிறது. அது நெகிழ்ந்தால்தான் வட்டு தாராளமாக அசையும். கீழ்ஸ்தாயி ஒலிக்கு அந்தப் பெரிய அசைவு தேவை. நூறு வருடத்தில் ஆக்சிஜன் பட்டுப் பட்டு ரப்பர் கல்லாகிவிடுகிறது. அப்புறம் விளிம்பு இறுகிப்போய் நடுப்பகுதி மட்டும் வளையும். கீழ்ஸ்தாயி காணாமல் போகும், மேலே இரைச்சல் ஏறும். இதைவிட மோசம், அசைய மறுக்கும் ஊசி பள்ளத்தின் சுவரையே செதுக்கும். நூறு கிராமுக்கு மேல் அழுத்தும் ஊசி அது.

புது ரப்பர் அல்லது சிலிக்கோன் குழாயை வாங்கி, பிளேடால் நேராக வெட்டிப் பொருத்த வேண்டும். இரு முனைகளும் சரியாகத் தொட வேண்டும். இடைவெளி விட்டால் காற்று கசியும், ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் வட்டு கோணலாகும். நடுத் திருகைச் சுற்றி ஒரு துளி தேன்மெழுகு. பிறகு கம்பியைப் பிடிக்கும் சிறு ஸ்பிரிங்குகளைச் சரிசெய்ய வேண்டும். திருகை மாட்டும்போது கம்பி வட்டை எந்தப் பக்கமும் இழுக்கக்கூடாது. பொறுமை அதிகம் வேண்டிய இடம் இதுதான்.

சில பிற்கால சவுண்ட் பாக்ஸ்களின் உடலே துத்தநாகக் கலவையில் வார்த்தது. அதில் ஈயம் கலந்திருந்தால் உள்ளுக்குள்ளேயே அரித்து, வீங்கி, விரிசல் விடும். 1929இல் மிகத் தூய துத்தநாகத்தில் ‘சமாக்’ கலவை வந்த பிறகே வார்ப்புக்கு நம்பகம் வந்தது. விரிசல் விட்டதை ஒட்ட முடியாது; புதிதாகச் செய்த உடல்தான் வழி.

மைக்காவை எடுத்துவிட்டு அலுமினிய வட்டு போடுபவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1925இல் வந்த ‘ஆர்த்தோஃபோனிக்’ பெட்டியில் அலுமினியம் நன்றாக ஒலித்தது உண்மைதான். ஆனால் அங்கே வட்டின் வடிவம், ஊசியின் அசைவை அதற்குக் கடத்தும் பல கால்கள், குண்டு பேரிங், குழல் எல்லாமே ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கணக்கிட்டவை. தகட்டை மட்டும் மாற்றினால் அந்தக் குரல் வராது, எக்ஸிபிஷனின் சொந்தக் குரலும் போய்விடும்.

புது ரப்பர் போட்ட பெட்டியிலும் எஃகு ஊசியைத் தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றியே ஆக வேண்டும். அரக்குத் தட்டில் கல்தூள் கலந்திருக்கிறது. ஒரே பக்கம் ஓடி முடிப்பதற்குள் அது ஊசிமுனையைத் தேய்த்துக் கூர்விளிம்பாக்கிவிடும்.