பழகிய குரல், திரும்பாத பணம்: ஏஐ கிரிப்டோ மோசடி எப்படி இயங்குகிறது?

பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் வசிக்கும் என் பெரியப்பா, சென்ற ஆண்டு கிரிப்டோ முதலீடு என்று நம்பி 4,20,000 ரூபாயை இழந்தார். அவர் எளிதில் ஏமாறுகிறவர் அல்லர். தொழிற்சாலையில் வேலை பார்த்தபடியே முப்பது ஆண்டுகள் சீட்டுப் பிடித்தவர். யாருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தால் தவணை ஒழுங்காக வரும், யார் பாதியில் கைவிரிப்பார்கள் என்பதை முகத்தையும் பேச்சையும் வைத்தே கணித்துவிடுவார். வாழ்நாள் முழுதும் தாம் நம்பிய அந்தக் கணிப்பு எந்த இடத்தில் பழுதானது என்பதை மற்றவர்களும் அறிய வேண்டும் என்று விரும்பியே, தமக்கு நேர்ந்ததை எழுத அவர் சம்மதித்தார்.

தொடக்கம், கைப்பேசியில் ஓடிய ஒரு விளம்பர வீடியோ. நாடறிந்த தொழிலதிபர் ஒருவர், தானாகவே கிரிப்டோ வாங்கி விற்கும் செயலி ஒன்றைப் பரிந்துரைப்பதாக அதில் இருந்தது. இத்தகைய வீடியோக்கள் இந்த ஊருக்குப் புதியவை அல்ல. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, தாம் எந்தத் தானியங்கி வர்த்தகச் செயலியையும் ஆதரிக்கவில்லை என்றும், தம் பெயரில் உலவும் டீப்ஃபேக், அதாவது ஏஐ கொண்டு செய்த போலிப் படங்களையும் வீடியோக்களையும் நம்ப வேண்டாம் என்றும் 2023 டிசம்பரிலேயே எக்ஸ் தளத்தில் அறிவித்தார். இவற்றுள் பெரும்பாலானவற்றில் முழு வீடியோவும் போலியாக இருப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உண்மையான ஒரு பேட்டியை எடுத்துக்கொண்டு, வாயைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும், புதிதாகச் செய்த குரலின் ஒலிகளுக்கு ஏற்ப ஒவ்வொரு சட்டகத்திலும் ஏஐ திரும்ப வரைகிறது. உடை, அறை, கையசைவு, கண்சிமிட்டல் எல்லாம் அசல். அதனால்தான் அந்த மனிதரைப் பல முறை தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கும் ஐயம் எழுவதில்லை.

குரலைப் போலியாகச் செய்வது இதைவிட எளிதாகிவிட்டது. பல்லாயிரம் பேருடைய பேச்சில் பயிற்சி பெற்ற ஒரு ஏஐ மாதிரி, மனிதக் குரல்கள் எந்தெந்த வகையில் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன என்பதை முன்பே கற்று வைத்திருக்கிறது. ஆகவே புதிய ஒருவரின் குரலை அது தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியதில்லை. அந்தக் குரலின் சாயலைச் சில நூறு எண்களாகச் சுருக்கிக்கொண்டு, எந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தாலும் அந்தச் சாயலில் பேசிவிடும். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய வால்-ஈ என்ற மாதிரிக்கு மூன்று விநாடிப் பதிவே போதுமானதாக இருந்தது. தொலைபேசி அழைப்பில் குரலின் நுண்மையான பகுதிகள் ஏற்கெனவே வெட்டுப்பட்டுப் போவதால், போலியில் இருக்கும் சிறு குறைகளும் அதோடு மறைந்துவிடுகின்றன.

பெரியப்பாவை உண்மையில் வீழ்த்தியவை எழுத்துகள்தாம். விளம்பரத்தைத் தொட்டதும் அரட்டைச் செயலியில் ‘ஆலோசகர்’ ஒருவர் அறிமுகமானார். இரவு பதினொரு மணிக்குக் கேள்வி கேட்டாலும் ஒரு நிமிடத்துக்குள் மூன்று பத்திகளில், பிழையற்ற தமிழில், “ஐயா, நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி” என்று தொடங்கிப் பதில் வந்தது. முன்பெல்லாம் வெளிநாட்டு மோசடிக் கும்பல்கள் தமிழில் எழுதினால் அரைகுறை மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். அந்தப் பிழைகளே நமக்கு வேலியாக இருந்தன. அதே காரணத்தால்தான் அந்தந்த மொழி பேசும் ஆட்களையே அக்கும்பல்கள் தேடிப் பிடித்தன. மியான்மரின் மியாவாடி பகுதியில் உள்ள மோசடி முகாம்களுக்கு, ஐடி வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தமிழக இளைஞர்கள் 2022இல் மீட்கப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். இன்று மனிதரைப் போல எழுதும் ஏஐயான மொழி மாதிரிகள் எந்த மொழியிலும் சரளமாக எழுதுவதால், ஒருவரே நூறு பேரிடம், அவரவர் பேச்சுப் போக்குக்கு ஏற்ப, சலிக்காமல் உரையாட முடிகிறது. உடனடியான, நீண்ட, களைப்பே தெரியாத பதில்கள் வந்தால், எதிரில் இருப்பது இயந்திரமாக இருக்கலாம் என்று எண்ணிக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னது மோசடியின் முன்பாதி. நம்பிக்கையை மலிவாக உற்பத்தி செய்வது ஏஐ என்றால், போன பணத்தைத் திரும்பவிடாமல் செய்வது கிரிப்டோ. 2009இல் முதல் கிரிப்டோ நாணயமான பிட்காயின் இயங்கத் தொடங்கியபோது, இடையில் எந்த வங்கியும் இல்லாமல் பணம் கைமாற வேண்டும் என்பதே அதன் நோக்கமாக இருந்தது. கிரிப்டோவைக் கையாளும் மின்னணுப் பணப்பையான வாலட்டின் ரகசியச் சாவியை வைத்திருப்பவர் கையொப்பமிட்ட பரிவர்த்தனை, பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் பதிவாகி உறுதியானபின் அதை ரத்துசெய்ய மேலாளரும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. அந்த வடிவமைப்பில் பிழையில்லை; ஆனால் ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை.

பெரியப்பா ஒரு காசுகூடக் கிரிப்டோவாக அனுப்பவில்லை என்பது பின்னர்தான் எங்களுக்குப் புரிந்தது. அவர் யுபிஐ வழியாக அனுப்பிய ரூபாய், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயர்களில் இருந்த வாடகைக் கணக்குகளுக்கு, அதாவது காசுக்காகப் பிறர் பயன்படுத்தத் தந்த வங்கிக் கணக்குகளுக்குப் போயிருந்தது. அங்கிருந்து எடுத்த பணத்தைத்தான் இத்தகைய கும்பல்கள் டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் கிரிப்டோவான யுஎஸ்டிடியாக மாற்றி எல்லை கடத்துகின்றன. செயலியில் அவர் தினமும் பார்த்து மகிழ்ந்த ‘இருப்பு’, மோசடிக்காரரின் கணினியில் யாரோ தட்டிய வெறும் எண். முதல் வாரத்தில் 5,000 ரூபாயைத் திரும்ப எடுக்க விட்டார்கள். அந்தச் சிறு தொகைதான் தூண்டிலில் கோத்த புழு. இருப்பு பதினோரு லட்சம் என்று காட்டியபோது, அதை எடுக்க முதலில் 30 சதவீத வரியைக் கட்டுங்கள் என்றார்கள்.

பொய்யை அந்த வரியிலேயே பிடித்திருக்கலாம். இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி இருப்பது உண்மைதான். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதை நாம் வருமான வரிக் கணக்கில் காட்டி அரசுக்குச் செலுத்துகிறோமே தவிர, பணத்தை எடுப்பதற்காக எந்தத் தளத்துக்கும் முன்கூட்டிக் கட்டுவதில்லை. 2022 ஜூலையில் வந்த, மூலத்திலேயே பிடிக்கும் வரியான 1 சதவீத டிடிஎஸ்ஸும் விற்ற தொகையிலிருந்தே பிடிக்கப்படும். நம் பணத்தை எடுக்க நம்மிடமே பணம் கேட்கும் தளம், எந்தப் பெயரில் கேட்டாலும், மோசடித் தளமே.

போலியைக் கண்ணால் கண்டுபிடிக்கப் பழகுங்கள் என்று சொல்லப்படும் அறிவுரையில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. ஹாங்காங்கில் ஒரு நிறுவன ஊழியர், மின்னஞ்சலைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர், வீடியோ கூட்டத்தில் உயர் அதிகாரியையும் சக ஊழியர்களையும் கண்டதும் சந்தேகம் நீங்கி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். கூட்டத்தில் இருந்த மற்ற அனைவரும் டீப்ஃபேக் என்று 2024இல் காவல்துறை தெரிவித்தது. அது கிரிப்டோ மோசடி அன்று. ஆயினும் கண் தோற்ற விதம் ஒன்றுதான். எனவே பார்ப்பதும் கேட்பதும் உண்மையா என்று ஆராய்வதைவிட, பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது, இந்தச் செய்தியை வேறு வழியில் உறுதிசெய்தோமா என்ற இரண்டைக் கேட்பது பயன் தரும். உறவினர் குரலில் அவசரமாகப் பணம் கேட்டால், அழைப்பைத் துண்டித்துவிட்டு, நம்மிடம் முன்பே இருக்கும் எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது ஒரு ரகசியச் சொல் வைத்திருக்கிறோம். அதை எந்தச் செய்தியிலும் எழுதுவதில்லை, நேரில் மட்டுமே சொல்லிக்கொள்கிறோம்.

கிரிப்டோ வாங்கியே தீருவேன் என்பவர்கள், அதை வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்ச் மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு பெற்றதா என்று பார்க்க வேண்டும். 2023 மார்ச் முதல் இத்தகைய நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்துள்ளன. பதிவு இருப்பது லாபத்துக்கு உத்தரவாதம் அன்று. இல்லாதது விலகுவதற்குப் போதுமான காரணம். வாலட்டை மீட்க உதவும் 12 அல்லது 24 சொற்களைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். ‘உதவி மையம்’ உட்பட யாருக்கும் சொல்லக்கூடாது, எந்த இணையதளத்திலும் தட்டச்சு செய்யக்கூடாது.

ஏமாந்துவிட்டால் முதல் வேலை சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைப்பது. ரூபாய் இன்னும் வங்கிக் கணக்குகளுக்குள் இருக்கும்போதுதான் அதை முடக்க முடியும்; பெரும்பாலும் அது சில மணி நேரமே. அது கிரிப்டோவாக மாறியிருந்தாலும் எல்லாம் முடிந்துவிட்டதாக ஆகாது: பிளாக்செயின் எல்லோரும் படிக்கக்கூடிய பேரேடு, யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனத்தால் குறிப்பிட்ட முகவரிகளை முடக்கவும் முடியும். அதனால் கிரிப்டோவாகவே அனுப்பியவர்கள் வாலட் முகவரியையும் பரிவர்த்தனை எண்ணையும், வங்கி வழியாக அனுப்பியவர்கள் அந்தப் பரிவர்த்தனைக்கு வங்கி தரும் யுடிஆர் எண்ணையும், இருவருமே அரட்டைப் பதிவுகளையும் அழிக்காமல் ஒப்படைக்க வேண்டும்.

பெரியப்பா வெட்கப்பட்டு ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதன்பிறகு சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களை விசாரிக்கும் கர்நாடகக் காவல்துறையின் சிஇஎன் நிலையத்தில் புகார் கொடுத்தோம். கடைசியாக அனுப்பிய 60,000 ரூபாய் மட்டும் ஒரு கணக்கில் முடங்கிக் கிடந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு ‘வழக்கறிஞர்’ அழைத்து, மீதிப் பணத்தையும் மீட்டுத் தருவதாகவும், அதற்கான கட்டணத்தை யுஎஸ்டிடியில் அனுப்பும்படியும் சொன்னார். ஏமாந்தவர்களின் பட்டியலும் கைமாறி விற்கப்படுகிறது. பெரியப்பா அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அழைப்பைத் துண்டித்து, என்னை அழைத்தார். மறுநாள் காலை இருவரும் நிலையத்துக்குப் போய் அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்தோம்.