பாரிஷ்: பங்கு என்பதே தக்க தமிழ்ச்சொல்

இங்கிலாந்துத் திருச்சபையின் (ஆங்கிலிக்கன்) மரபில் வந்த அமெரிக்காவின் எப்பிஸ்கோப்பல் ஆலயங்களைப் பற்றித் தமிழில் எழுத நேரும்போது, ‘பாரிஷ்’ என்பதைத் ‘திருச்சபை’ என்றும் ‘ஸ்பெஷல் சர்வீஸ்’ என்பதைச் ‘சிறப்புச் சேவை’ என்றும் பெயர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டுமே பிழை. திருச்சபை என்பது உலகெங்கும் பரந்த விசுவாசிகளின் முழு உடலையோ, ஒரு மரபைச் சேர்ந்த சபைகளின் மொத்தத்தையோ குறிக்கும் சொல். பாரிஷ் என்பதோ அதன் மிகச் சிறிய, அன்றாடம் கண்ணால் காணக்கூடிய அலகு. கடலையும் கிணற்றையும் ஒரே சொல்லால் குறிப்பது போன்றது இந்தக் குழப்பம்.

பாரிஷ் என்ற சொல்லின் வேர் ‘பரோய்க்கியா’ என்னும் கிரேக்கச் சொல்லில் இருக்கிறது. ‘பரா’ என்றால் அருகே. ‘ஓய்க்கோஸ்’ என்றால் வீடு. ஓர் ஊரில் உரிமைக் குடியாக இல்லாமல் அயலில் தங்கி வாழ்பவரைப் ‘பரோய்க்கோஸ்’ என்றார்கள். பேதுருவின் முதல் நிருபம் 1:17இல் வருவது இந்தப் பரோய்க்கியாதான். நம் பழைய தமிழ் வேதாகமம் அதைப் ‘பரதேசிகளாய்ச் சஞ்சரிக்கும்’ காலம் என்று பெயர்த்திருக்கிறது. ‘பரா’வுக்கும் ‘பர’வுக்கும் உள்ள ஒலி ஒற்றுமை தற்செயலானதே என்றாலும், பொருள் அளவில் அந்த மொழிபெயர்ப்பு மிக நேர்த்தியானது. தாங்கள் வாழும் ஊர் தங்களுக்கு நிலையான ஊரன்று என்று நம்பிய ஆதிக் கிறிஸ்தவர்கள், தங்கள் கூட்டத்துக்கு அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அது இலத்தீனில் ‘பரோக்கியா’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘பாரிஷ்’ ஆயிற்று. வந்துசேர்ந்தபோது பொருள் தலைகீழாகியிருந்தது: வழிப்போக்கரின் தங்கலைக் குறித்த சொல், எல்லை வகுத்த நிலப்பரப்பைக் குறிக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் அது வரி, ஏழைகள் பராமரிப்பு வரை நீண்ட ஆட்சி அலகாகவே மாறியது. லூசியானா மாநிலத்தில் மற்ற மாநிலங்கள் ‘கவுண்டி’ என்று சொல்லும் பகுதிகளை இன்றும் பாரிஷ் என்றே அழைக்கிறார்கள். அங்கே 64 பாரிஷ்கள் உள்ளன.

எப்பிஸ்கோப்பல் திருச்சபையில் இச்சொல் மீண்டும் மக்களை நோக்கித் திரும்பியிருக்கிறது. அங்கே பாரிஷ் என்றால், தன் செலவைத் தானே தாங்கிக்கொண்டு, தன் குருவைத் தானே தேர்ந்துகொள்ளும் ஒரு வழிபாட்டுச் சமூகம் என்று பொருள். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்படும் குரு ‘ரெக்டர்’ எனப்படுவார். தன் காலில் நிற்க இயலாமல் மறைமாவட்டத்தின் உதவியோடு நடக்கும் சபைக்கு ‘மிஷன்’ என்று பெயர். அதற்குப் பேராயர் அனுப்பும் குரு ‘விகார்’. பாரிஷின் சொத்தையும் கணக்கையும் கவனிப்பது, ஆண்டுக்கூட்டத்தில் மக்கள் தேர்ந்தெடுக்கும் ‘வெஸ்ட்ரி’ என்ற குழு. குருவின் அங்கிகளை வைக்கும் அறைக்குத்தான் முதலில் அந்தப் பெயர் இருந்தது. அங்கே கூடிப் பேசியவர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நம் தென்னிந்தியத் திருச்சபையில் ‘பாஸ்டரேட் கமிட்டி’ செய்யும் வேலையோடு இதைப் பெரும்பாலும் ஒப்பிடலாம்.

இனி ‘எப்பிஸ்கோப்பல்’. ‘எப்பிஸ்கோப்போஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு மேலிருந்து பார்ப்பவர் என்று பொருள். பிஷப் என்பதும் இதே சொல் தேய்ந்த வடிவம்தான். அமெரிக்க விடுதலைப் போருக்குப்பின் இங்கிலாந்து அரசருக்கு விசுவாச உறுதிமொழி கொடுக்க முடியாத நிலையில், அமெரிக்க எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் முதல் பேராயரான சாமுவேல் சீபரி 1784இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகருக்குச் சென்று அங்கிருந்த எப்பிஸ்கோப்பல் பேராயர்களிடம் திருநிலைப்பாடு பெற்றார். அரசர் போனார், பேராயர் நிலைத்தார் என்பதே அந்தப் பெயர் சொல்லும் வரலாறு.

பிஷப் என்பதற்குத் தமிழில் மூன்று சொற்கள் வழங்கிவந்துள்ளன. வேதாகமத்தில் உள்ள ‘கண்காணி’ மூலத்துக்கு மிக நெருக்கமானது. பழைய ஆங்கிலிக்கன் வழக்கான ‘அத்தியட்சர்’ என்பதில் ‘அதி’ மேல் என்றும் ‘அட்சம்’ கண் என்றும் பொருள்படுவதால், அது கிரேக்கச் சொல்லை உறுப்புக்கு உறுப்பு எடுத்துவைத்தது போலவே அமைந்திருக்கிறது. ஆனால் இலங்கை, மலாயாத் தோட்டங்களில் கூலியாட்களைத் திரட்டி வேலைவாங்கியவருக்குக் கண்காணி என்ற பெயர் நிலைத்தபின், அந்தச் சொல்லைத் திருப்பணிக்கு மீட்பது கடினம் என்றே நினைக்கிறேன். இன்று வழங்கும் ‘ஆயர்’, ‘பேராயர்’ ஆகியவை பார்வையை விட்டு மேய்ச்சலைப் பிடித்துக்கொண்ட சொற்கள். அதில் தவறில்லை, பேதுருவின் அதே நிருபம் 2:25இல் கிறிஸ்துவை ‘மேய்ப்பரும் கண்காணியுமானவர்’ என்று சேர்த்தே சொல்கிறது. எழுதுவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: கத்தோலிக்கர் வழக்கில் பிஷப் ஆயர், ஆர்ச்பிஷப் பேராயர், தென்னிந்தியத் திருச்சபையில் பிஷப்பே பேராயர். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றிணைந்து தென்னிந்தியத் திருச்சபையாக உருவான சபைகளில் ஆங்கிலிக்கன் சபையும் இருந்ததால், எப்பிஸ்கோப்பல் மரபினர் நமக்கு உறவினரே; அவர்களின் பிஷப்பைப் ‘பேராயர்’ என்பதே பொருந்தும். சபையின் இயற்பெயரை மட்டும் எப்பிஸ்கோப்பல் திருச்சபை என்றே எழுதலாம்.

பாரிஷுக்குத் தமிழ்ச்சொல் எது? திருநெல்வேலிப் பக்கம் ‘சேகரம்’ என்பார்கள். அழகான சொல், ஆனால் அது பல ஊர்ச் சபைகளை ஒரு குருவின் பொறுப்பில் சேர்த்த தொகுப்பு. அமெரிக்க பாரிஷ் பெரும்பாலும் ஒரே ஆலயத்தைச் சுற்றிய ஒரே சமூகம். கத்தோலிக்கர் சொல்லும் ‘பங்கு’ இங்கே நன்றாகப் பொருந்துகிறது. பங்கு என்றால் ஒரு கூறு. பங்கெடுத்தல் என்றால் கலந்துகொள்ளல். பங்கிடுதல் என்றால் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தல். இம்மூன்றும் பாரிஷின் உயிர். ‘பங்குமக்கள்’ என்ற சொல்லும் ஆயத்தமாகவே நம்மிடம் இருக்கிறது. எனவே பங்கு என்ற சொல்லையே பரிந்துரைக்கிறேன்.

நியூயார்க்கின் டிரினிட்டி பங்கு 1697இல் சாசனம் பெற்றது. அதைச் சேர்ந்த புனித பவுல் சிற்றாலயம் 1766இல் திறக்கப்பட்டது. உலக வர்த்தக மையக் கோபுரங்கள் அதற்கு எதிரிலேயே நின்றன. 2001இல் அவை சரிந்தபின், மீட்புப் பணியாளர்கள் மாதக்கணக்கில் அங்கே வந்து உண்டார்கள், இருக்கைகளிலேயே படுத்துத் தூங்கினார்கள். வெள்ளைப் பூச்சுப் பூசிய அந்த மர இருக்கைகளில் அவர்களின் பூட்ஸும் இடைவாரும் உராய்ந்த வடுக்கள் விழுந்தன. எல்லை வகுத்த நிலம் என்ற பொருள் அங்கே உதிர்ந்து, அயலில் தங்குவோரின் வீடு என்ற பழைய கிரேக்கப் பொருள் மேலெழுந்தது.

‘சர்வீஸ்’ என்பதற்கு வருவோம். ஆலயத்தில் அது ஆராதனை அல்லது வழிபாடு, சேவை அன்று. பங்குமக்கள் பசித்தவருக்குச் சமைத்துப் பரிமாறினால் அதைச் சேவை அல்லது தொண்டு என்க. சாம்பல் புதனன்று முழங்காற்படியிட்டால் அது ஆராதனை. இந்த வேறுபாட்டைக் காத்தால்தான் ‘சிறப்பு ஆராதனைகள்’ என்ற தொடருக்குள் அடங்கியிருக்கும் செல்வம் தெரியும். சாம்பல் புதனில், முந்தைய ஆண்டின் குருத்து ஞாயிற்றில் பிடித்த ஓலைகளை எரித்த சாம்பலால் நெற்றியில் சிலுவை இடுவார்கள். பெரிய வியாழனில் குரு மண்டியிட்டு மக்களின் பாதங்களைக் கழுவுவார். இரவில் பீடத்தின் துணிகளையும் விளக்குகளையும் ஒவ்வொன்றாக அகற்றி, வெறும் மரத்தையோ கல்லையோ விட்டுவிட்டு, ஆசீர்வாதம் கூறாமல் மௌனமாகக் கலைவார்கள். அக்டோபர் 4ஆம் நாளையொட்டி அசிசி பிரான்சிஸ் நினைவாக விலங்குகளுக்கு ஆசி வழங்கும் ஆராதனை நடக்கும். இழுகயிற்றில் நாய்களும், கூடைக்குள் பூனைகளும், கண்ணாடிக் குடுவையில் ஒரு குழந்தையின் தங்கமீனும் வரிசையில் காத்திருக்கும்; குரு குனிந்து ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லியே ஆசி கூறுவார். இதை ‘விலங்குகளுக்கான சேவை’ என்று எழுதினால் படிப்பவர் கால்நடை மருத்துவ முகாம் என்றே எண்ணுவார். ‘விலங்குகளுக்கு ஆசி வழங்கும் ஆராதனை’ என்று எழுதுக.